புது டயர் எந்தப் பக்கம்

1. வண்டி திரும்பி நின்ற காலை

மதுரவாயல் வளைவில் என் வண்டி சுற்றியபோது நான் பிரேக்கை மிதிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் இதைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. அதனால் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இங்கேதான் ஆரம்பிப்பது என்று வைத்திருக்கிறேன்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த காலை. கொரட்டூரில் பத்மா மேடத்தை ஏற்றியிருந்தேன். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். முட்டி ஆபரேஷன் முடிந்து, வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு பிசியோதெரபிக்காகப் போய்வந்துகொண்டிருந்தார். டிராவல்ஸுக்கு போன் போட்டால், "மேகலா இருந்தா அனுப்புங்க, இல்லேன்னா நாளைக்குப் போய்க்கிறேன்" என்பார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

பைபாஸில் வந்து, மதுரவாயல் பாலத்தைத் தாண்டியதும் இடதுபக்கம் முழு வட்டமாகச் சுற்றி இறங்குகிற வளைவு இருக்கிறது. அதில் இறங்கினால் கீழே பூந்தமல்லி ரோட்டில் சேரலாம். வளைவில் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. மெல்லிய ஏடு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் மழைக்கோட்டு போட்ட ஒருவர் பைக்கில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு இடம் விடலாம் என்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். நான் செய்தது இது ஒன்றுதான்.

வண்டியின் பின்பாதி கிளம்பிவிட்டது. ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது, முன் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, பின்பக்கம் மட்டும் வேறு ஊருக்குப் போகிறது. எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அதற்குள் வண்டி அரைச் சுற்று வந்து, பின் மூலை தடுப்பில் இடித்து, வந்த வழியைப் பார்த்து நின்றது. எதிரே ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அந்த டிரைவர் புண்ணியவான், தூரத்திலேயே நிறுத்தி, கீழே இறங்கி, பின்னால் வருகிற வண்டிகளுக்குக் கையைக் காட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். பத்மா மேடம் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அடிபட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்லை. மேகலா, பின்பக்கம்தான் முதல்ல போச்சு. நான் பின்னாடி உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அந்த வாக்கியத்தை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. உயிரோடு இருக்கிறாரே என்பதுதான் காதில் விழுந்தது.

2. தணிகாசலம் அண்ணன் தீர்ப்பு

எங்கள் டிராவல்ஸ் ஷெட் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள், ஒரு ஸ்பிரிங் கம்பெனிக்குப் பின்னால் இருந்தது. முதலாளி தணிகாசலம். வயசுக் காலத்தில் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டியவர். பிறகு ஒரு கார் வாங்கி, அது இரண்டாகி, ஷெட் போட்டு டிராவல்ஸ் ஆக்கினார். டிரைவர்கள் எல்லாரும் அவரை நைனா என்பார்கள். நான் மட்டும் அண்ணே என்பேன். என் அப்பா விருதுநகர் பக்கத்திலிருந்து ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக்கு ஃபிட்டராக வந்தவர். நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு வாயில் 'இன்னா' வராது. அதற்கே ஷெட்டில் என்னை ஓட்டுவார்கள்.

தணிகாசலம் அண்ணனிடம் ஒரு விசேஷம் உண்டு. அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் ஏறமாட்டார். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக் காரைப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரேதான் ஓட்டினார். பெண்ணைப் பெற்றவர் டிரைவர் சீட்டில், சம்பந்தி வீட்டார் பின் சீட்டில். அன்றைக்கு ஊரே சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

நொறுங்கிய டெயில் லேம்ப்போடு ஷெட்டுக்குள் வண்டியைக் கொண்டுவந்து விட்டேன். அவர் நேராக முன் டயரிடம் போய்க் குனிந்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"முன்னாடி ரெண்டும் புத்தம் புதுசு. இந்த வாரம்தான் போட்டேன். முடிகூட கொட்டல இன்னும், பாரு." புது டயரில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதைத்தான் முடி என்றார். "இப்டி டயரைப் போட்டுகினு வண்டி சுத்துதுன்னா, ஓட்றவங்க கையில கீது கோளாறு."

"நான் பிரேக்கைத் தொடவே இல்லைண்ணே. காலைத்தான் எடுத்தேன்."

"பயந்துகினு மிதிச்சிருப்பே. உனுக்கே தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியாம என் கால் எப்படிண்ணே மிதிக்கும்?"

பக்கத்தில் டில்லி நின்றுகொண்டிருந்தான். ஷெட்டிலேயே ஓட்டுவதில் கை சுத்தமான டிரைவர் அவன்தான். ஆவடி பஜாரில் சனிக்கிழமை சாயந்திரம்கூட ஒரு கீறல் படாமல் வண்டியைக் கொண்டு வருவான். அவன் சிரித்தபடி, "உடுக்கா. மழைன்னா அப்டித்தான். கால் தானா போய்டும்" என்றான். ஆறுதல் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

தணிகாசலம் அண்ணன் கத்துகிறவர் இல்லை. மெதுவாகச் சொன்னார்: "நாளைலேர்ந்து போன் பாத்துக்கோ. புக்கிங் எடு, வண்டி அனுப்பு. சம்பளம் அதேதான். பொம்பளப் புள்ள, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்க ஊட்ல நான் இன்னா பதில் சொல்றது? இனிமே லேடீஸுக்கு ஸ்டியரிங் குடுக்கறதா இல்ல."

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அக்கறையாகச் சொல்லி ஸ்டியரிங்கைப் பிடுங்கினால் என்ன பேசுவது? போன மாதம்தான் நூம்பலிலிருந்து இரண்டு பெண்கள் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வேலை கேட்டு வந்திருந்தார்கள். மழை முடியட்டும் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். என்னோடு சேர்த்து அவர்கள் கதவும் மூடியது. அன்றைக்கு நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

3. போன் மேஜை

போன் மேஜையில் உட்கார்ந்தால் முதல் நாள் முதுகு வலிக்கும், இரண்டாம் நாள் மனசு வலிக்கும். ஆனால் அந்த மேஜைக்கு ஒரு குணம் உண்டு. ஓட்டுகிறவனுக்கு அவன் வண்டி மட்டும்தான் தெரியும். போனில் உட்கார்ந்திருப்பவளுக்கு எல்லா வண்டியும் தெரியும்.

மழை விடவில்லை. டிரைவர்கள் போன் போடுவார்கள். லேட் ஆகும், தண்ணி நிக்குது, வேற ரூட்ல வரேன் என்பார்கள். போகிறபோக்கில் ஒரு வார்த்தை விழும். ஒருவர் திருமுல்லைவாயல் கிட்டே திரும்பும்போது வண்டி கொஞ்சம் ஆடியது என்றார். இன்னொருவர் கரையான்சாவடியில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகட்டில் ஏறி இறங்கும்போது பின்னாடி வழுக்கியது என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். மழையில் வண்டி கொஞ்சம் டான்ஸ் ஆடத்தான் செய்யும் என்பது ஷெட்டின் நம்பிக்கை.

அப்புறம் டில்லி கூப்பிட்டான்.

"அக்கா, ஆவடி செக்போஸ்ட் தாண்டி நிக்கறேன். பார்ட்டி எறங்கிட்டாங்க."

"குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"வளைவுல பின்னாடி இழுத்துச்சுக்கா. தப்பிச்சேன். நைனாகிட்ட சொல்லிடாத."

"பிரேக் மிதிச்சியா?"

"சத்தியமா இல்லக்கா. காலைத்தான் எடுத்தேன்."

நான் அன்றைக்கு ஷெட்டில் சொன்ன அதே வார்த்தை. "டேய் டில்லி, எழுந்திரு. வண்டியை விட்டு இறங்கு. முன் டயரையும் பின் டயரையும் பார்த்துச் சொல்லு."

"மழை ஊத்துதுக்கா."

"நனை. ஒண்ணும் கரைஞ்சு போகமாட்டே."

நனைந்துகொண்டே பார்த்துச் சொன்னான். முன்னால் இரண்டும் புதுசு, போன வாரம் போட்டது. பின்னால் பழசு. பட்டன் இருக்குது, ஆனா கம்மி என்றான். டயரின் மேல்பரப்பில் கட்டி கட்டியாக இருக்கிற ரப்பரைத்தான் எங்கள் ஆட்கள் பட்டன் என்பார்கள். பட்டன்களுக்கு நடுவில் ஓடுகிற பள்ளம்தான் தண்ணீர் வெளியேறுகிற வழி. பள்ளம் ஆழமாக இருந்தால் டயர் தண்ணீரைப் பிளந்துகொண்டு ரோட்டைத் தொடும். பள்ளம் தேய்ந்துபோனால் தண்ணீர் மேலேயே மிதக்கும்.

வழுக்கியது என்று சொன்ன மற்ற இருவரையும் கூப்பிட்டேன். அவர்கள் வண்டியிலும் முன்னால் புதுசு, பின்னால் பழசு. நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்த வண்டிகளிலிருந்து ஒரு புகாரும் இல்லை. அவற்றின் பட்டனும் அப்படியொன்றும் நன்றாக இல்லை. ஆனாலும் அவை சுற்றவில்லை.

அப்போதுதான் பத்மா மேடம் சொன்னது காதில் விழுந்தது. பின்பக்கம்தான் முதல்ல போச்சு.

முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாகிவிடும், வண்டி நேராகப் போகப் பார்க்கும், கைக்குத் தெரியும். காலை எடுத்தால் வேகம் குறைந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் நம் கையில் ஒன்றுமே இல்லை. அங்கே ஸ்டியரிங் கிடையாது. போதாக்குறைக்கு, வளைவில் காலை எடுத்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும். முன்னால் இரண்டு புது டயர் ரோட்டைக் கவ்விப் பிடித்திருக்க, பின்னால் இரண்டு தேய்ந்த டயர் மிதக்கிறது. முன்னால் இருப்பது நன்றாகப் பிடிக்கப் பிடிக்கத்தான் பின்னால் இருப்பது சுற்றிக்கொண்டு வரும்.

இரண்டு பரோட்டா வாங்கிச் சாப்பிட்டேன். போன் மேஜைக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் பசித்தது.

4. லாரிக்காரர் சட்டம்

ஷெட்டில் டயர் சாஸ்திரம் நிறைய உண்டு. சிலது சரி. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காத்து கம்மி. நடுவில் தேய்ந்தால் காத்து ஜாஸ்தி. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் போச்சு. நம் பக்கம் ரோட்டைத் தோண்டிப்போட்ட பிறகு இது மாதாமாதம் நடக்கும். சிலது தப்பு. வெயில் காலத்தில் டயர் வெடிக்கும் என்று காத்தைக் குறைப்பார்கள். குறைத்தால்தான் டயர் வளைந்து வளைந்து சூடாகி வெடிக்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் எல்லாச் சாஸ்திரத்துக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. தணிகாசலம் அண்ணன் போட்டது. கார் வாடகைத் தொழிலில் நான்கு டயரையும் சேர்த்து யாரும் மாற்றமாட்டார்கள். முன் சக்கரம் இழுக்கிற வண்டிகளில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். தேய்ந்த இரண்டைக் கழற்றி, அதே இடத்தில் புதுசு இரண்டைப் போட வேண்டியது. பின்னால் இருப்பது இருக்கட்டும், இன்னும் ஓடும். புதுசு எப்பவும் முன்னாடி. இதில் பேச்சே கிடையாது.

சாயந்திரம் அவர் தனியாக இருக்கும்போது போய்ப் பேசினேன். மூன்று வண்டியில் நடந்ததைச் சொன்னேன். யார் ஓட்டியது என்று சொல்லவில்லை. கடைசிவரை கேட்டார்.

"நீ சொல்றத பாத்தா புதுசை பின்னாடி போடணுமா?"

"ஆமாண்ணே."

"மழுங்கனதை முன்னாடி போட்டுகினு ஓட்டணும். நல்லாகீதும்மா நியாயம்." எழுந்து ஷெட் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "லாரில ரீபட்டன் டயரை எங்கயாச்சும் முன்னாடி போட்டு பாத்துகீறியா? ரப்பர் ஒட்டி ஓட்றது எல்லாம் பின்னாடிதான். முன்னாடி எப்பவும் கம்பெனி புதுசு. அது ஏன்னு தெரியுமா உனுக்கு?"

"சொல்லுங்க."

"சுப்புருன்னு ஒருத்தன். எனுக்கு க்ளீனரா இருந்து டிரைவர் ஆனவன். உளுந்தூர்பேட்டை தாண்டி முன் டயர் வெடிச்சுது. தேஞ்ச டயர். வண்டி அவன் பேச்சைக் கேக்கல, புளிய மரத்துல போய் ஏறிச்சு. நான் பின்னாடியே இன்னொரு லோடு ஏத்திகினு வந்துகினு இருந்தேன். நான்தான் அவன வெளிய எடுத்தேன். அன்னிலேர்ந்து புதுசு முன்னாடி. எவன் சொன்னாலும் மாத்தறதில்ல."

இத்தனை நாளாக அதை வெறும் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். அவர் அந்தச் சட்டத்தைப் போட்டதே எங்கள் உயிருக்குப் பயந்துதான். அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போயிற்று. மீதிப் பாதியை விடவில்லை, அது எனக்குத் தேவைப்பட்டது.

"அண்ணே, லாரிக்கு நீங்க சொல்றது சரி. லாரிக்குப் பின்னாடி டயர் ஜோடி ஜோடியா இருக்கு. ஒண்ணு போனா மத்தது தாங்கும். பாரமும் பின்னாடிதான் அழுத்தும். காருக்குப் பின்னாடி ரெண்டே ரெண்டு. பாரமும் கிடையாது. லாரிச் சட்டத்தைக் காருக்குப் போடலாமா?"

"வாயால சொல்லிகினே போலாம்."

"வேண்டாம். ஓட்டிப் பார்ப்போம். நீங்களே ஓட்டுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஓட்டச் சொன்னால் அந்த மனுஷன் மறுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"சரி. நான் ஓட்டி வண்டி சுத்துச்சுன்னா நீ சொன்னது கரெக்ட், சாவிய எடுத்துக்கோ. சுத்தலன்னா போன் மேஜைதான். அப்பால இதப்பத்தி பேச்சே வரக்கூடாது."

"சரிண்ணே" என்றேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அவர் அசகாய டிரைவர். சுற்றாமல் ஓட்டிக்காட்டிவிட்டால்?

5. குத்தம்பாக்கம் களம்

குத்தம்பாக்கத்தில் அவருடைய மச்சான் ஒருவருக்கு லாரி நிறுத்துகிற இடம் இருந்தது. பெரிய சிமென்ட் களம். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். அன்றைக்கு மழை இல்லை, அதனால் மச்சானின் தண்ணி டேங்கரை வைத்துக் களத்தை நனைத்தார்கள். ஷெட்டே திரண்டு வந்திருந்தது. யாரோ பஜ்ஜிகூட வாங்கி வந்துவிட்டார்கள். என் பிழைப்பு இவர்களுக்குத் திருவிழா.

நான் சுற்றிய அதே வண்டிதான். டெயில் லேம்ப் மாற்றியிருந்தார்கள். முன்னால் புதுசு, பின்னால் பழசு, ஒன்றையும் மாற்றவில்லை. தணிகாசலம் அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினார். அவர் வண்டி ஓட்டுவது எப்பவும் அப்படித்தான்.

முதல் சுற்று வந்தார். அழகாக வந்தார். மதுரவாயலில் நான் போன அதே வேகம், வட்டத்தில் ஒரு அசைவு இல்லை. இன்னொரு சுற்று. அதுவும் அப்படியே. ஜன்னலை இறக்கி, "இன்னா மேகலா? டீ சாப்டலாமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் காது சுட்டது. ஆனால் கண் வேலை செய்துகொண்டிருந்தது. அவர் காலை எடுக்கவே இல்லை. ஒரே சீராக மிதித்துக்கொண்டு வந்தார். முன்னால் யாரும் இல்லாத வளைவில் எவன்தான் காலை எடுப்பான்?

"அண்ணே, அன்னைக்கு முன்னாடி ஒரு பைக் இருந்துச்சு. இங்க ஒண்ணும் இல்லையே."

ஒரு பிளாஸ்டிக் டிரம்மை உருட்டிக்கொண்டு போய் வட்டத்தின் நடுப்பாதையில் வைத்தேன். "இதுதான் பைக். பிரேக் மிதிக்காதீங்க. பைக்கைப் பார்த்ததும் காலை மட்டும் எடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அவ்ளோதானே" என்று கிளம்பினார்.

டிரம் நெருங்கியது. காலை எடுத்தது இன்ஜின் சத்தத்திலேயே தெரிந்தது. அடுத்த நொடி பின்பக்கம் வெளியே வீசியது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார், என்னைவிட வேகமாகவே திருப்பினார். பிரயோசனம் இல்லை. வண்டி தண்ணீரை வாரியடித்துக்கொண்டு முழுச் சுற்று வந்து, எங்களைப் பார்த்து நின்றது. கை எதிலோ பட்டு வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பஜ்ஜி தின்றுகொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றுபோனது. யாரும் சிரிக்கவில்லை.

தணிகாசலம் அண்ணன் வைப்பரை நிறுத்தினார். "கை வழுக்கிச்சு. இன்னோர் வாட்டி" என்றார்.

அந்த நேரத்தில் டில்லி முன்னால் வந்தான். "கை வழுக்கல நைனா. எனுக்கும் இதேதான். செக்போஸ்ட்டாண்ட அன்னிக்கி சுத்த இருந்தேன். பிரேக்க தொடல. சொன்னா வண்டிய புடுங்கிகினு என்னியும் போன்ல குந்த வெச்சிடுவியோன்னு சொல்லல." பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னிக்கி கால் தானா போய்டும்னு சொன்னேன்ல, மன்ச்சுக்கோக்கா" என்றான். அவன்மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

இரண்டாவது தடவையும் ஓட்டினார். இரண்டாவது தடவையும் சுற்றினார்.

அப்புறம் ஜாக்கி வந்தது, வீல் ஸ்பேனர் வந்தது. எல்லாருமாகச் சேர்ந்து டயரை மாற்றினோம். புதுசு பின்னால், பழசு முன்னால். டேங்கர்காரர் மறுபடி தண்ணீர் அடித்தார். அதே வட்டம், அதே வேகம், அதே டிரம். அவர் காலை எடுத்தார். வண்டியின் மூக்கு கொஞ்சம் வெளியே தள்ளியது. வேகம் குறைந்ததும் தானாகப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக வந்து பார்த்தார். மூக்கு இன்னும் கொஞ்சம் தள்ளியது, டிரம் இடிபட்டு உருண்டது. பின்பக்கம் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இறங்கி வந்து பின் டயருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். வெறுங்கால் நனைந்திருந்தது. டயர்மேல் கையை வைத்தார்.

"சுப்புருக்கு முன்னாடி டயர் போச்சு. நான் அந்த முன்னாடியே பாத்துகினு இருந்துட்டேன்" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று குதிக்க வேண்டிய நேரம்தான். குதிக்கத் தோன்றவில்லை. அவர் செருப்பை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன்.

6. பின் சீட்டு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முடிந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டுதான் முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடுங்கள், பின்னால் இருந்ததில் நல்லதை முன்னால் கொண்டு வாருங்கள். அதுவும் தேய்ந்துபோயிருந்தால் முன்னாலும் போடாதீர்கள், தூக்கி எறியுங்கள். டயர் கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். பெரிய அனுபவஸ்தர் ஒருவர் ஒரு சட்டம் சொன்னால், அதை அவர் எந்த வண்டியில் கற்றுக்கொண்டார் என்று கேளுங்கள். அப்புறம், வண்டி ஏன் இப்படிச் செய்தது என்று தெரியாவிட்டால், பின் சீட்டில் இருந்தவரைக் கேளுங்கள். எனக்கு அன்றைக்கே பதில் சொன்னவர் பத்மா மேடம்தான்.

குத்தம்பாக்கத்திலிருந்து கிளம்பும்போது தூறல் ஆரம்பித்திருந்தது. தணிகாசலம் அண்ணன் சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு."

"நீங்க டில்லி வண்டியில வரீங்களா?"

"அவன் வண்டில நான் ஏன் ஏறணும்? இதுலதான் வரேன்."

பின் கதவைத் திறந்தார். ஷெட் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் கல்யாணத்தில்கூடப் பின் சீட்டில் உட்காராத மனுஷன், குனிந்து உள்ளே போய், இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டில்லி வாயைப் பொத்திக்கொண்டான்.

பூந்தமல்லி தாண்டினோம். வேலப்பன்சாவடி தாண்டினோம். மழை நன்றாகப் பிடித்துவிட்டது. மதுரவாயல் நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அன்னிக்கி சுத்தனியே, அந்த வளைவுல போ."

"அதுல இறங்கணும்னா பைபாஸ்ல அம்பத்தூர் வரைக்கும் போய்த் திரும்பி வரணும்ணே."

"போ. டீசல் என்னுதுதானே."

போய்த் திரும்பி வந்தேன். பாலத்தைத் தாண்டி இடதுபக்கம் இறங்கினேன். அதே வளைவு, அதே ஏடு மாதிரித் தண்ணீர். தடுப்பில் என் வண்டி இடித்த நசுங்கல் அப்படியே இருந்தது. முன்னால் ஒரு ஆட்டோ மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கு எடுத்த அதே இடத்தில், அன்றைக்கு எடுத்த மாதிரியே காலை எடுத்தேன்.

வண்டி வேகம் குறைந்து, ஆட்டோவுக்குப் பின்னால் ஒழுங்காக இறங்கிப் பூந்தமல்லி ரோட்டில் சேர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். தணிகாசலம் அண்ணன் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூம்பல் பொண்ணுங்க ரெண்டு பேரையும் நாளைக்கு வரச் சொல்லு" என்றார். பிறகு முன்னால் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, நீ சுத்தன அந்த எடம் எப்போ வரும்?" என்று கேட்டார்.

"தாண்டிட்டோம்ணே" என்றேன்.